எடை இறக்குகிறவன்

அவன் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் சண்டைக்கு வருவானே என்ற பயமில்லை. வந்தால் எனக்கு நல்லதுதான், நேரில் கேட்க விட்டுப்போன நாலு வார்த்தையையும் கேட்டுவிடுவேன். எங்கள் தெருவில் அவனைச் சிஸ்டம்காரன் என்பார்கள். ஆந்திராவில் எங்கள் நகரிப் பக்கம் கம்ப்யூட்டரைச் சிஸ்டம் என்றுதான் சொல்வோம். செத்துப்போன சிஸ்டத்தை எழுப்பி நடக்கவிடுகிறவன் என்று ஊருக்குள் அவனுக்குப் பெயர். அந்தப் பெயர் பொய்யில்லை. என் ஆத்திரமே அதில்தான் இருக்கிறது. ஒன்றும் தெரியாதவனாக இருந்திருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்பேன்.

யார் வீட்டுக்கு வந்தாலும் நின்றபடியே நாலு பக்கமும் பார்ப்பான். இங்கே எதை எடுத்து எறியலாம் என்று தேடுகிற பார்வை அது. நம் வீடு, நம் சாமான். ஆனாலும் அவன் பார்த்தால் எல்லாம் குப்பையாகத் தெரியும். "இது எந்துக்குக்கா?" என்பான். மற்ற பேச்செல்லாம் எங்களைப் போலத் தமிழ்தான். எதற்கு என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் தெலுங்கில் கேட்பான், தாசில்தார் ஆபீசில் கேட்கிற மாதிரி, அழுத்தி.

ஒருநாள் என் போன் மெதுவாக இருக்கிறது என்று அவனிடம் கொடுத்தேன். திருப்பிக் கொடுத்தபோது போன் பறந்தது. சந்தோஷப்பட்டேன். சாயங்காலம்தான் தெரிந்தது, என் அக்கா தங்கைகள் பேசிக்கொள்கிற குரூப்பிலிருந்தே என்னை வெளியே எடுத்திருந்தான். போய்க் கேட்டேன்.

"தெனம் காலைல பூப்படம் அனுப்பிக்கினே கீறாங்கக்கா. போன் மூச்சு வாங்குது. அது எந்துக்கு உனக்கு?"

"அவங்க என் கூடப் பொறந்தவங்கடா!"

"பொறந்தவங்க போன்ல எந்துக்கு? நேர்ல போய்ப் பாரு."

என் சின்னத் தங்கை, நானே கோபித்துக்கொண்டு வெளியே போய்விட்டதாக நினைத்து, பொங்கல் வரைக்கும் என்னோடு பேசவில்லை.

அவன் கல்யாணம் கோயிலில் நடந்தது. மேளமில்லை, மைக்கில்லை, வரிசைத் தட்டில்லை. நாங்கள் போய்ச் சேருவதற்குள் தாலி கட்டி முடித்துவிட்டு எதிர்க் கடையில் இட்லி தின்றுகொண்டிருந்தான். பெண்ணைப் பெற்றவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். வீண்செலவு செய்யாத பிள்ளை என்று ஊர் மெச்சியது. நானும்தான் மெச்சினேன். அந்தப் பெண்ணுக்கு அன்றைக்கு என்ன வேண்டியிருந்தது என்று அவனும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அவனுடைய மோட்டார் சைக்கிளில் இருந்த சேலை கார்டைக் கழற்றி எறிந்ததும் இதே புத்திதான். பின்னால் உட்காருகிறவளின் சேலை சக்கரத்தில் சிக்காமல் இருக்க வைத்திருக்கிற கம்பி வலை அது. வண்டிக்கு வீண் எடை என்று எடுத்துவிட்டான். புத்தூர் போகிற வழியில் அவன் மனைவியின் முந்தானை சக்கரத்தில் சுற்றி, அவள் ரோட்டில் விழுந்து, முட்டியிலிருந்து கணுக்கால் வரைக்கும் தோல் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு என்னிடம் சொல்கிறான்: "சுடிதார் போட்டுக்கினு ஏறுன்னு சொன்னேன்க்கா. கேக்கல." அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இப்படிப்பட்டவனிடம் ஏன் எல்லோரும் போனார்கள்? வேலை அப்படி. எங்கள் ஊரில் தறி முதலாளிகள் வீட்டில், மருந்துக் கடையில், ரைஸ்மில்லில், பழைய சிஸ்டம் எது படுத்துவிட்டாலும் மற்ற மெக்கானிக்குகள் பார்த்துவிட்டு, "இது அவ்வளவுதான், புதுசு வாங்குங்க" என்பார்கள். இவன் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. மூடியைக் கழற்றி, ஊதி, காதை வைத்துக் கேட்பான். "சாவல. மேல ஏறி உக்காந்துகினு கீறவனுங்கள எறக்கி விட்டா தானா நடக்கும்" என்பான். பழைய விண்டோஸை வழித்தெடுத்துவிட்டு எடை குறைந்த வேறு ஒன்றைப் போடுவான். பழைய சிஸ்டத்துக்கென்றே லினக்ஸில் பல வகை இருக்கிறதாம். ஒவ்வொன்றையும் ஒவ்வொரு பென் டிரைவில் வைத்து, சாவிக்கொத்து மாதிரி இடுப்பில் மாட்டியிருப்பான்.

எங்கள் ஊர் ஹைஸ்கூலில் தமிழ் மீடியம் இருந்தது. நாங்கள் ஆந்திராவில் இருக்கிற தமிழ்க்காரர்கள். வீட்டில் தமிழ், கடையிலும் ஆபீசிலும் தெலுங்கு. பிள்ளைகளில் பாதிப்பேர் தெலுங்கு மீடியம், இங்கிலீஷ் மீடியம் என்று போய்விட்டார்கள். என் பெண் பவானியை நான் தமிழில்தான் போட்டேன். நான் எல்லைக்கு அந்தப் பக்கம் பள்ளிப்பட்டில் பிறந்து, எட்டாவது வரைக்கும் தமிழில் படித்துவிட்டு, இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். எனக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. பெண் என்ன படிக்கிறாள் என்று எனக்குத் தெரியவேண்டாமா? அதற்காகத்தான் தமிழில் போட்டேன். பெரிய கொள்கை எல்லாம் ஒன்றும் கிடையாது.

தமிழ் மீடியத்துக்குப் புத்தகம் எப்போதும் தாமதமாகத்தான் வரும். சில பாடத்துக்கு வராமலே போகும். அங்கே ஒரு டீச்சர் இருந்தார். தெலுங்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டு பாடத்தைத் தமிழில் எழுதி, பள்ளியிலிருந்த ஒரே சிஸ்டத்தில் தட்டி, பிரிண்ட் எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார். மாதிரிப் பரீட்சைத் தாளும் அப்படித்தான். எங்கள் ஊர்க் கடைகளில் தமிழ் தட்ட ஆள் கிடையாது. சிஸ்டம் படுத்தால் பஸ் ஏறித் திருத்தணிக்குத்தான் போகவேண்டும். பவானி பத்தாவது வந்த வருஷம், அரைப்பரீட்சைக்கு முன்னால், அது படுத்தது.

வாய் பெரிது என்பதற்காக என்னைப் பெற்றோர் கமிட்டியில் போட்டிருந்தார்கள். நாள் முழுக்கப் பவர்லூம் பக்கத்தில் நின்று கத்திப் பேசிப் பழகியவள் நான், மெதுவாகப் பேச வராது. நான்தான் போய் அவனைக் கூப்பிட்டேன். கூப்பிட்டவுடன் வந்தான். பள்ளிக்கூட வேலைக்கு அவன் காசு வாங்கியதில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சிஸ்டம் முன்னால் உட்கார்ந்து டீச்சரைக் கேள்வி கேட்டான். யார் உட்காருவது, என்ன தட்டுவது, நெட் வேண்டுமா, பாட்டு வேண்டுமா. எல்லாம் கேட்டுவிட்டு, "மெமரி ஒரு ஜிபிதான் டீச்சர். கெழவிக்குச் செருப்பு எடுக்கற மாதிரி எடுக்கணும். அழகு பாக்கக் கூடாது, கடிக்காம இருந்தா போதும்" என்றான். டீச்சர் சிரித்தார்.

முதல் பென் டிரைவைப் போட்டான். மலையும் ஏரியுமாக அழகான படம் வந்தது. ஆனால் அது வருவதற்குள் டீச்சர் போய் ஒரு வகுப்புக்கு அட்டெண்டன்ஸ் எடுத்துவிட்டு வந்துவிட்டார். "இது சினிமாக்காரி, நமக்கு ஆவாது" என்று உருவினான். இரண்டாவது கண்மூடித் திறப்பதற்குள் வந்தது. ஆனால் திரை முழுக்கக் கறுப்பு, ஓரத்தில் ஒரு கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது.

"இதுல நான் எங்கப்பா தொடறது?" என்றார் டீச்சர்.

"தொடறதுக்கு ஒண்ணும் இல்ல டீச்சர். எல்லாம் தட்டணும். இதான் இருக்கறதுலயே சுத்தம்."

"ஐயோ, வேணாம்பா."

அவனுக்கு மனசே இல்லை. மூன்றாவதைப் போட்டான். வெறும் சாம்பல் திரை, கீழே ஒரு பட்டை, மூலையில் ஒரு பட்டன். பழைய விண்டோஸ் மாதிரி இருந்தது. டீச்சர் முகம் தெளிந்தது. அதையே ஏற்றினான். ஏற்றிய பிறகும் விடவில்லை. விளையாட்டை எடுத்தான், பாட்டுப் பெட்டியை எடுத்தான், படங்களை எடுத்தான். பெரிய பட்டியல் ஒன்றைத் திறந்து, அதிலும் என்னென்னமோ எடுத்துக்கொண்டே போனான். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். எனக்கு என்ன தெரியும்?

சிஸ்டம் எழுந்தது. சும்மா சொல்லக் கூடாது, குதிரை மாதிரி எழுந்தது. டீச்சர் கற்பூரம் ஏற்றித் திரைக்குக் காட்டினார். அப்புறம் தன் பழைய பாடம் ஒன்றைத் திறந்தார். திரை முழுக்கக் கட்டம். எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் எல்லாம் சின்னச் சின்ன வெறுங்கட்டம், ஜல்லடை மாதிரி.

"தமிழ் எங்கப்பா?"

"தமிழ எடுத்துட்டேன் டீச்சர். தெலுகு கீது, இங்கிலீஷ் கீது. போதும்."

"எனக்குத் தமிழ்தானேப்பா வேணும்?"

"தாங்காது டீச்சர். வயசான சிஸ்டம். மூணு பாஷைய ஏத்தினா மறுபடி படுத்துடும். அப்புறம் என்னக் கேக்காதீங்க."

டீச்சர் ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பவர். யாரையும் எதிர்த்துப் பேசமாட்டார். சிஸ்டம் மறுபடி படுத்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அவருக்கு. எனக்கும் அந்தப் பயம்தான். தாங்காது என்று தெரிந்தவன் சொல்கிறான். வாயை மூடிக்கொண்டு தறிக்குப் போய்விட்டேன்.

ஒரு மாசம் கழித்துப் பவானி மாதிரிப் பரீட்சைத் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். சயின்ஸ். வாங்கிப் பார்த்தேன். தெலுங்கு.

"இன்னாடி இது? உன்னத் தெலுகு மீடியத்துல போட்டுட்டாங்களா?"

"இல்லம்மா, தமிழ்தான். படிக்கறேன் கேளு." படித்தாள். "பசுந்தாவரங்கள் உணவு தயாரிக்கும் முறையை விளக்குக."

தமிழேதான். ஆனால் தாளில் இருந்தது தெலுங்கு எழுத்து. அந்தப் பிரகஸ்பதி டீச்சருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறான்: தமிழ்க் கேள்வியைத் தெலுங்கு எழுத்தில் தட்டுங்கள், பிள்ளைகள் வாசித்துக்கொள்ளும், சிஸ்டத்துக்கும் எடையில்லை. எங்கள் பக்கத்தில் இது புதிதில்லை. தெலுங்கு படித்த தமிழ்க்காரர்கள் போனில் இப்படித்தான் எழுதிக்கொள்வார்கள். என் கொழுந்தன் எனக்கு அனுப்புகிறதைப் பவானிதான் எனக்குப் படித்துக் காட்டுவாள். ஆனால் தமிழ் மீடியத்துப் பரீட்சைத் தாளை இப்படி அடிக்கலாம் என்ற யோசனை வேறு எந்த ஊர்க்காரனுக்கும் வந்திருக்காது.

"பொதுப் பரீட்சைல இப்படியாடி வரும்?"

"இல்லம்மா, அது தமிழ் எழுத்துல வரும். ஆனா இது ஈஸியா கீதும்மா. எல்லாருக்கும் இதான் புடிச்சிருக்குது."

அவள் சாதாரணமாகச் சொன்னாள். கடைக்கும் பஸ்ஸுக்கும் தெலுங்குப் பலகை பார்த்து வளர்ந்த பிள்ளை, ஈஸியாகத்தான் இருக்கும். நான் அலமாரியிலிருந்து போன வருஷத்துப் பொதுப் பரீட்சைத் தாளை எடுத்துக் கொடுத்தேன். வாசிக்கச் சொன்னேன். முன்னே கடகடவென்று வாசிக்கிற பெண், ஒவ்வொரு வார்த்தையாகத் தொட்டுத் தொட்டு வாசித்தாள். தெலுங்கில் இல்லாத ழ வந்த இடத்தில் எல்லாம் ள என்றாள். பாடமும் இப்படி, பரீட்சையும் இப்படி என்று கொஞ்ச நாளிலேயே பழக்கம் விட்டுப்போயிருந்தது. மார்ச் மாதம் வரைக்கும் இப்படியே போனால் பரீட்சை ஹாலில் கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். அப்புறம் மறுபடி எழுது, அதற்குள் கல்யாணம் பேசு என்று அவள் நைனா வீட்டு ஆட்கள் வந்து நிற்பார்கள். எனக்குத் தெரியும். என்னையும் எட்டாவதோடு அப்படித்தான் நிறுத்தினார்கள்.

திருப்பதிக்குத் துண்டு மூட்டை கொண்டுபோகிற வேலை அந்த வாரம் என் பங்கு. கடையில் மூட்டையை இறக்கிவிட்டு, அலிபிரி போகிற ரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் கடையைப் பார்த்து உள்ளே போனேன். கடைக்காரர் தெலுங்குக்காரர். மலைக்கு வருகிற தமிழ்க்காரர்களிடம் பேசிப் பேசிப் பழகிய தமிழ் அவருக்கு. பள்ளிக்கூடத்துப் பழைய சிஸ்டத்துக்குத் தமிழ் ஏற்றினால் தாங்குமா, எவ்வளவு மெமரி போடவேண்டும் என்று கேட்டேன். மெமரி வாங்கிப் போடவேண்டும் என்றால் ஊரில் வசூல் பண்ணிவிடலாம் என்று யோசித்துக்கொண்டுதான் போயிருந்தேன்.

"தெலுகு வருதா அதில?"

"நல்லா வருது."

"அப்புறம் இன்னாம்மா? தெலுகு வந்தா தமிழும் வரும். எழுத்து மட்டும் போடணும். அந்த ஃபான்ட்."

"அது ரொம்ப எடையாமே?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "உங்க போன்ல போட்டோ இருக்குதா? பேத்தி போட்டோ, ஏதோ ஒண்ணு?"

"பொண்ணு போட்டோ கீது."

"அந்த ஒரு போட்டோ எவ்ளோ எடையோ, அதுல பத்துல ஒரு பங்கு கூட இல்லம்மா இது. யார் சொன்னது எடைன்னு?"

யார் சொன்னது. கடையில் நின்றபடியே எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. அந்தத் தெலுங்குக்காரர் ஒரு பென் டிரைவில் அதைப் போட்டுக் கொடுத்தார். வடமாலபேட்டையில் பஸ் நின்றபோது பக்கத்தில் இருந்தவள், "ஏம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். அவ்வளவு ஆத்திரம் முகத்தில்.

பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே அவன் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து ஒரு டேபிள் ஃபேனின் முன்வலையைக் கழற்றிக்கொண்டிருந்தான். அந்த வலையும் அவனுக்கு வீண்தான்.

"டேய். தமிழுக்கு எடை எவ்ளோடா?"

நிமிர்ந்து பார்த்தான். புரிந்துகொண்டான். "எவன் சொன்னான் உனக்கு?"

"எவனோ சொன்னான். நீ ஏண்டா பொய் சொன்ன?"

"பொய் இல்லக்கா. தேவ இல்லாதது எல்லாம் எடைதான்."

"யாருக்குத் தேவ இல்ல? தட்டறது அந்த டீச்சரு, படிக்கறது எம்பொண்ணு. உன்ன எவன் கேட்டான்?"

"சரி, படிக்கட்டும். படிச்சிட்டு எங்க போவா? திருப்பதிக்குத்தான காலேஜுக்குப் போவா? அங்க எவன் தமிழ்ல கேக்கப் போறான்?"

"அது அவ பாடு."

"அவ பாடு இல்லக்கா, நான் பட்ட பாடு." கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைக் கீழே போட்டான். "தெலுகுப் பாடமே இல்லாம பத்தாவது வரைக்கும் தமிழ்ல படிச்சிட்டுத் திருப்பதி காலேஜ்ல போய் உக்காந்தேன். மொத நாளு, போர்டுல கீறத எழுந்து படின்னாரு லெக்சரரு. தெலுகு. எனக்கு எழுத்துக் கூட்டக் கூட வரல. கிளாஸே சிரிச்சிது. அன்னிலேர்ந்து எம்பேரு அரவோடு. தமிழ்க்காரன்னு பேரு, ஆனா அத்த அவனுங்க சொல்ற விதம் கீதே, வாயக் கோணிக்கினு... வராண்டால நடந்தா பின்னாடி 'இன்னா, இன்னா'ன்னு கத்துவானுங்க. ஒரு வருசம் வாயத் தொறக்கல நானு. பேசறத விட்டேன், எழுதறத விட்டேன், ஒவ்வொண்ணா எறக்கினேன். அப்புறம்தான் நிமுந்து நடந்தேன். அந்தப் பாரம் உனக்கு இன்னா தெரியும்? இதுங்களாவது இப்பவே எறக்கிட்டுப் போவட்டும்."

இதுவரைக்கும் யாரிடமும் அவன் இதைச் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். முகமெல்லாம் வேர்த்திருந்தது. வேறொருத்தி என்றால் இரக்கப்பட்டிருப்பாள். எனக்கும் கொஞ்சம் ஏதோ பண்ணத்தான் செய்தது. ஆனால் ஆத்திரம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"சிரிச்சவன் சட்டையப் புடிச்சியா நீ?"

அவன் கீழே கிடந்த ஸ்குரூ டிரைவரை எடுத்தான்.

"புடிக்கல. அவனுக்கு நல்ல பிள்ளையா நடந்துக்கினு, இங்க வந்து எம்பொண்ணு வாயத் தைக்கறியே, உனக்கு வெக்கமா இல்ல? அவள எவனாவது சிரிச்சா நான் போய்க் கேக்கறேன். எனக்கு வாய் கீது. நீ அவ முதுகுல இன்னா கீதுன்னு தடவிப் பாக்காத!"

என் சத்தத்தில் அக்கம்பக்கத்து வாசல்களில் ஆட்கள் வந்து நின்றுவிட்டார்கள். அவன் மனைவி உள்ளேயிருந்து வந்தாள். விழுந்ததிலிருந்து ஒரு காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் நடப்பாள். கழற்றி வைத்திருந்த ஃபேன் வலையைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"போய் போட்டுக் குடுத்துட்டு வா. நீ எல்லாருக்கும் எறக்கினது போதும்" என்றாள். அவ்வளவுதான். அந்தப் பெண் அவனை எதிர்த்துப் பேசி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் காலையில் பள்ளிக்கு வந்தான். நான் தறியை நிறுத்திவிட்டுப் போய்ப் பக்கத்திலேயே நின்றேன், மறுபடி ஏதாவது எடுத்துவிடுவானோ என்று. பென் டிரைவைச் செருகினான், நாலு தட்டுத் தட்டினான். கட்டங்கள் இருந்த இடத்தில் டீச்சரின் பாடம் வந்தது. டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தார். அவ்வளவு வேலை தேங்கிக் கிடந்தது. தமிழ் ஏறியும் சிஸ்டம் முன்போலவே வேகமாக ஓடியது. அவன் அதை அணைத்து எழுப்பிக் காட்டவில்லை. எடையில்லை என்று முன்பே தெரிந்த விஷயத்தை எதற்குக் காட்டுவது?

அந்த அரை வருஷம் பவானியை நான் தினமும் வாய்விட்டு வாசிக்க வைத்தேன். தறி ஓடுகிற சத்தத்துக்கு மேலே கேட்கிற மாதிரி கத்தி வாசிக்கவேண்டும். பொதுப் பரீட்சை எழுதினாள், பாஸ் பண்ணினாள். இப்போது சித்தூரில் படிக்கிறாள். அங்கே அவளையும் ஒருத்தி அரவம் என்று சொல்லிச் சிரித்திருக்கிறாள். இவள் எழுந்து தெலுங்கில் ஒன்று கொடுத்தாளாம், அத்தோடு சிரிப்பு நின்றது. என்ன சொன்னாள் என்று என்னிடம் சொல்லமாட்டேன் என்கிறாள். அம்மா பெண்தான்.

ஆனால் அவள் பாஸ் பண்ணிய அடுத்த வருஷம் தமிழ் மீடியத்தில் சேரப் பிள்ளைகள் இல்லை. இருந்த கொஞ்சப் பேரையும் பெற்றவர்களே டி.சி. வாங்கிக்கொண்டு போனார்கள். நான் வீடு வீடாகப் போய்ச் சண்டை போட்டேன். எல்லோரும் அவன் பேச்சையே பேசினார்கள். "படிச்சிட்டு எங்க போவான் அக்கா?" என்றார்கள். அவன் வாயைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. செக்‌ஷனை மூடினார்கள். டீச்சரைப் பாலசமுத்திரம் பக்கம் அனுப்பிவிட்டார்கள். சிஸ்டத்தை அடுத்த தெருவில் இருக்கிற தெலுங்குப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே போய் அதைப் பொருத்திக் கொடுத்தவனும் அவன்தான்.

அந்தப் பள்ளியில் என் ஓர்ப்படி, கொழுந்தன் பெண்டாட்டி, சமையல் வேலை செய்கிறாள். அவள் வந்து சொன்னாள். அங்கிருக்கிற சார் எழுத்துப் பட்டியலைத் திறந்து பார்த்துவிட்டு, இதில் தமிழும் இருக்கிறதே, நமக்கு வேண்டாம், எடுத்துவிடு என்றாராம். இவன் எடுக்கவில்லை. "அதனால ஒண்ணும் எடை இல்ல சார், இருந்துட்டுப் போவட்டும்" என்று தெலுங்கில் சொல்லிவிட்டு வந்துவிட்டானாம்.

"பாத்தியா, மனுசன் மாறிட்டான்" என்றாள் ஓர்ப்படி. நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்து ஓடி வந்திருக்கிறாள்.

சந்தோஷமா? பிள்ளைகள் எதிரே உட்கார்ந்திருந்தபோது இடமில்லை என்றான். இப்போது தட்ட ஒரு விரல் இல்லாத இடத்தில் இருந்துவிட்டுப் போகட்டும் என்கிறான். ஓடிக்கொண்டிருந்த தறியை அப்படியே அணைத்துவிட்டுக் கிளம்பினேன். பால் வாங்கிக்கொண்டு தெருமுனையில் வந்துகொண்டிருந்தான். வழியை மறித்து நின்றேன்.

"இப்ப அது யாருக்குடா? எவன் படிக்கப் போறான்னு வெச்சிட்டு வந்த?"

எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிறவன். ஊரில் இருக்கிற அத்தனை சாமானுக்கும் கணக்குக் கேட்கிறவன். பால் பாக்கெட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான்.

"தெரிலக்கா" என்றான்.

அவன் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் அதற்கு முன் கேட்டதில்லை. திட்டுவதற்கு எவ்வளவோ வைத்திருந்தேன். விலகி வழிவிட்டேன். அவன் போனான். நான் திரும்பி வந்து தறியைப் போட்டேன். ஆத்திரம் மட்டும் இன்றைக்கும் அடங்கவில்லை.